டாங்கிக்குத் தூசி பூசிய வேலை

எங்கள் பட்டறையில் இப்போது வேலை பார்க்கும் பையன்கள் போன மாதம் என்னைத் தேடி வந்தார்கள். ஏதோ ஒரு பள்ளிக்கூட வாசலில் வைப்பதற்காக ஃபைபரில் ஒரு பட்டாளத்து டாங்கி செய்கிறார்களாம். கம்ப்ரஸர் இருக்கிறது, ஸ்ப்ரே கன் இருக்கிறது, துரு நிறம், புகை நிறம், சேற்று நிறம் என்று தனித்தனி டப்பாவே கடையில் கிடைக்கிறது. ஆனாலும் தூசி மட்டும் சரியாக வரவில்லை, மாவு கொட்டின மாதிரி இருக்கிறது என்றார்கள். "எக்கா, நீங்க அப்போல்லாம் எப்படிப் பண்ணினிய?" என்று ஒருவன் கேட்டான். அந்தக் காலம் போல வருமா என்று நான் பெருமூச்சு விடுவேன் என எதிர்பார்த்தான் போலிருக்கிறது. கம்ப்ரஸர் அன்றைக்கே வந்திருந்தால் என் நெஞ்சில் இன்னும் கொஞ்சம் மூச்சு மிச்சம் இருந்திருக்கும் என்றேன். பிறகு உட்காரச் சொன்னேன். அவர்களிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

டிராயிங் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு டீச்சர் வேலைக்குக் காத்திருந்தவள் நான். அந்த வேலை வரவில்லை. தென்காசியில் பள்ளிக்கூடங்களுக்கு மாதிரிகள் செய்து கொடுக்கும் பட்டறை ஒன்று இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் அங்கே சேர்ந்தேன். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இதயத்துக்குச் சிவப்பும் நீலமும் அடித்தேன், எரிமலைக்கு நெருப்பு அடித்தேன், அணைக்கட்டுக்குத் தண்ணீர் அடித்தேன். பெண்பிள்ளை டர்பன்டைன் வாடையோடு வீட்டுக்கு வருகிறாள் என்று தெருவில் பேசினார்கள். கொஞ்ச நாளில் பேசி ஓய்ந்தார்கள்.

பட்டறையின் முதலாளி ஞானமுத்து அண்ணாச்சி. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பட்டாளத்து வாகனப் பட்டறையில் பெயிண்டராக இருந்தவர், நிஜ டாங்கிகளுக்கு நிறம் அடித்தவர். உரக்கப் பேச மாட்டார். வேலை நன்றாக இருந்தால் எதுவும் சொல்ல மாட்டார். நன்றாக இல்லையென்றால் அந்த இடத்தைச் சுட்டுவிரல் நகத்தின் பின்பக்கத்தால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவார். என்ன தப்பு என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு அறை வாங்கியிருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும் என்று சுப்பையா சொல்வார்.

சுப்பையா என்னோடு வேலை பார்த்த பெயிண்டர். கோயில் வாகனங்களுக்கு வர்ணம் பூசும் குடும்பத்திலிருந்து வந்தவர். மயிலுக்கும் யானைக்கும் பளபளப்பு ஏற்றியே பழகிய கை. பளபளப்பைக் குறைக்கச் சொன்னால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

சீனச் சண்டைக்குப் பிறகு டாங்கிகள் வர ஆரம்பித்தன. பள்ளி விழாக்களுக்கும் ஊர்வலங்களுக்கும் டாங்கி வேண்டும் என்று கேட்டார்கள். சின்னப் பொம்மைகள் அல்ல. நிஜத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு மாட்டு வண்டியை நிறைக்கிற அளவு. செங்கோட்டை மர அறுவைக் கடையிலிருந்து சட்டங்கள் வரும். மண்ணெண்ணெய்த் தகரத்தைப் பிரித்துச் சட்டத்தின் மேல் போர்த்துவோம். பழைய லாரி டயரைக் கீறி, அதில் மரக்கட்டைகளைக் கோத்தால் அதுதான் சங்கிலிப் பட்டை.

நிறம் அடிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சிவப்பு ஆக்ஸைடு. அது காய்ந்ததும் பட்டாளத்துப் பச்சை. எனாமல் பெயிண்ட் மினுங்கும் என்பதால் சீமைச் சுண்ணாம்புப் பொடியைச் சலித்துக் கலப்போம். இந்தக் கட்டத்தில் டாங்கி தொழிற்சாலையை விட்டு வந்தது போலப் புதிதாக நிற்கும். மற்ற பட்டறைகள் இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். எங்களுக்கு வேலையே இதற்குப் பிறகுதான்.

அண்ணாச்சி ஒரு முக்காலியைப் போட்டு டாங்கிக்கு முன்னால் உட்காருவார். "எங்க இருந்து வருதான் இவன்?" என்று கேட்பார்.

டாங்கியைத்தான் கேட்கிறார். இதற்குப் பதில் சொல்லாமல் யாரும் பிரஷ்ஷைத் தொடக் கூடாது. கரிசல் காட்டில் மழையில் வந்தானா, ஆற்று மணலில் வந்தானா, எத்தனை நாளாக ஓடுகிறான், ஏறி இறங்குகிறவர்கள் எந்தப் பக்கமாகக் கால் வைக்கிறார்கள், எல்லாம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் எந்த முனையில் பச்சை தேய்ந்திருக்கும், எங்கே சேறு தெறித்திருக்கும் என்பது தெரியும். தேய்ந்த முனைகளில் பென்சில் கரியைப் பொடித்துத் தேய்ப்போம். இரும்பு தெரிகிற மாதிரி இருக்கும். துருவுக்கு லேத்துப் பட்டறை இரும்புத் தூளைப் புளித்தண்ணீரில் ஊறவைப்போம். புகைக்குழாய்க்கு மண்ணெண்ணெய் விளக்கையே காட்டுவோம். தூசிக்கு மண்.

அந்த மண்ணைத்தான் அண்ணாச்சி பாடாய்ப் படுத்துவார். இலத்தூர்க் குளத்து வண்டல், வாசுதேவநல்லூர்ப் பக்கத்துக் கரிசல், எங்கள் ஊர்ச் செம்மண் எல்லாம் புட்டிகளில் இருக்கும். மல் துணியில் இரண்டு தடவை சலிக்க வேண்டும். "ஆள் மூணுல ஒரு பங்குன்னா மண்ணும் மூணுல ஒரு பங்குதான். ஒரு குருணை விழுந்தாலும் அது இங்கன பாறாங்கல்லு" என்பார். சலித்த மண்ணை வஜ்ரப் பசைத் தண்ணீரில் கரைத்து, மூட்டைப்பூச்சி மருந்து அடிக்கிற பம்ப்பில் ஊற்றி அடிப்போம். பாதி என் மூக்குக்குள் போகும்.

இவ்வளவும் செய்து வடக்கே ஒரு பள்ளிக்கு நாங்கள் அனுப்பிய முதல் டாங்கியை, விழாவுக்கு முந்தின நாள் பிள்ளைகளை விட்டுச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார்கள். "நல்ல வண்டி, ஆனா வழியில ரொம்ப அழுக்காயிட்டு" என்று ஆள் வந்து சொன்னார். சுப்பையா வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு பசையில் கொஞ்சம் படிகாரம் சேர்த்தோம், தண்ணீர் பட்டாலும் இளகாமல் இருக்கட்டும் என்று. கடைசியாக மேலே மெல்லிசாக ஒரு வார்னிஷும் ஊதினோம்.

இப்படியே போயிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். பாகிஸ்தான் சண்டை முடிந்த மறு வருடம், குற்றாலம் சீசன் பொருட்காட்சிக்கு ஒரு டாங்கி கேட்டார்கள். ஆய்க்குடியைச் சேர்ந்த ஆறுமுகம் என்ற டாங்கி டிரைவர் அந்தச் சண்டையில் இறந்துபோயிருந்தார். அவர் ஓட்டிய டாங்கியையே செய்து வைக்க வேண்டும் என்பது பொருட்காட்சிக் கமிட்டியின் விருப்பம். வீட்டாரின் சம்மதத்தோடு செய்யுங்கள், அவர்கள் திருப்திதான் முக்கியம் என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டார் என்றால் இரண்டு பேர். அப்பா சிவசைலம். நிலபுலன் உள்ளவர், வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டு அழுக்குப் படாமல் வயலுக்குப் போய் வருகிறவர் என்று ஊரில் பெயர். மருமகள் கோமதி, ஆறுமுகத்தின் மனைவி. இருபது வயதுக்குள்தான் இருக்கும். சண்டை நடக்கும்போது கர்ப்பமாக இருந்தாள். தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. அப்பா முகத்தைக் குழந்தையும் பார்க்கவில்லை, குழந்தை முகத்தை அப்பாவும் பார்க்கவில்லை.

அவர்கள் ஒரு புகைப்படம் கொண்டுவந்தார்கள். சண்டைக்குக் கிளம்புவதற்கு முன்னால் கூட இருந்த சிநேகிதர் எடுத்து அனுப்பியது. ஆறுமுகம் டாங்கிக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறார். நல்ல உயரம். டாங்கி முழுக்கத் தூசி. சக்கரங்களை மறைத்துத் தொங்குகிற பக்கத் தகட்டில், அவர் தோளை ஒட்டி, விரித்த கை ஒன்றின் அடையாளம் தெரிகிறது.

"அது அவுக கைதான்" என்றாள் கோமதி. "சுண்டுவிரல் தள்ளி நிக்கி பாருங்க. சடுகுடுல ஒடிஞ்சது. வீட்டுலயும் வாசல் நிலையில கைய ஊனிட்டுத்தான் குனிஞ்சு வருவாக."

சொல்லிவிட்டு ஒரு துணி மூட்டையை அவிழ்த்தாள். பட்டாளத்திலிருந்து பெட்டியோடு வந்த பூட்ஸ். அதில் சாம்பலும் மஞ்சளும் கலந்த மண் காய்ந்து ஒட்டியிருந்தது. நிறம் பார்க்க உதவும் என்று எடுத்து வந்திருக்கிறாள். எங்கள் புட்டிகளில் எதிலும் அந்த நிறம் இல்லை.

"துடைச்சு பாலிஷ் போட்டு வைன்னு எத்தன தரம் சொல்லுதேன், கேக்க மாட்டேங்கா" என்றார் பெரியவர் சிவசைலம். பிறகு அண்ணாச்சியைப் பார்த்தார். "அண்ணாச்சி, வண்டிய நல்லா சுத்தமா பண்ணுங்க. அவன் அழுக்கா இருக்கப்பட்ட பயலே கிடையாது. சைக்கிள தினம் துடைப்பான். கலெக்டர் ஆபீஸ்லேருந்து பெரிய ஆளுக வருவாக. அந்தக் கை அடையாளம்லாம் வேண்டாம்."

கோமதி பூட்ஸை மறுபடியும் மூட்டையாகக் கட்டி மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு அந்தக் கை வேண்டும். மாமனாருக்கு எதிரே அதைக் கேட்க வாய் வரவில்லை. அவளுக்குப் புருஷன் என்று மிச்சமிருந்தது ஒரு ஜோடி பூட்ஸில் மண்ணும் ஒரு தகட்டில் கையும்தான். எனக்குப் பெரியவர் மேல் கோபம் கோபமாக வந்தது.

"தூசி இருக்கும்யா. படத்துல இருக்கப்பட்டதத்தான் நாங்க செய்வோம். கையையும் செஞ்சு காட்டுதோம், பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி. அவர் அத்தனை நீளமாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

வண்டலோடு சாம்பலும் கொஞ்சம் மஞ்சள் காவியும் சேர்த்து அந்த நிறத்துக்கு நான் வந்து சேர்ந்தேன். கைதான் வரவில்லை. முதலில் சுப்பையா ஒரு பொம்மைக் கையை மரத்தில் செதுக்கி, தூசிக் கரைசலில் முக்கி, பச்சைத் தகட்டில் ஒற்றி எடுத்தார். அண்ணாச்சி வந்தார். நகத்தால் இரண்டு தட்டு.

சுப்பையாவுக்குப் புரியவில்லை. அன்று முழுக்க யோசித்த பிறகு எனக்குத்தான் பிடிபட்டது. விசேஷ வீட்டில் சுவரில் மாவில் கை வைப்பார்களே, அந்தக் கை அது. வெறும் தகட்டில் மாவை வைத்துவிட்டுப் போகிற கை. தூசி படிந்த தகட்டில் ஊன்றும் கை எதையும் வைப்பதில்லை, எடுத்துக்கொண்டு போகிறது. தூசி கையோடு வந்துவிடும், அடியிலிருக்கும் பச்சை வெளியே தெரியும். கோயில் வாகனக்காரருக்கு அப்படி ஒரு கை தோன்றவே தோன்றாது.

ஆகவே தூசியை முதலில் அடித்து, அது பாதி காய்ந்திருக்கும்போது கையை வைத்து எடுத்துப் பார்த்தோம். என் கையை வைத்தால் ராட்சசன் கை மாதிரி தகட்டில் பாதியை அடைத்தது. மரக்கையை வைத்தால் மரக்கை மாதிரியே இருந்தது. சதை அமுங்குகிற இடம் அமுங்கவில்லை, ரேகை இல்லை. பிரஷ்ஷால் சுரண்டி வரைந்தும் பார்த்தேன். அண்ணாச்சி அதைத் தட்டக்கூட இல்லை. முகத்தைச் சுளித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த நிலைமையில்தான் பெரியவரும் கோமதியும் வேலையைப் பார்க்க வந்தார்கள். அவள் இடுப்பில் குழந்தை. வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. பெரியவர் வாசலிலேயே காலைத் துடைத்துத் துடைத்து வைத்தார். அண்ணாச்சி நடந்ததைச் சொன்னார். அளவுக்குத் தக்க கை கிடைக்கவில்லை, பெரிய கை ஆகாது, மரக்கையில் உயிர் இல்லை என்றார்.

கோமதி தகட்டைப் பார்த்தாள். குழந்தையின் கையைப் பார்த்தாள்.

"எக்கா" என்றாள் என்னிடம். மாமனாரிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொன்னாள். "பிள்ள கை சரியா இருக்கும்லா?"

சரியாகத்தான் இருந்தது. ஐந்து மாதக் குழந்தையின் கை, நல்ல உயரமான ஆளின் கையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பெரியவர் முகம் கறுத்துவிட்டது. "என்ன பேச்சு பேசுதே? ஒருத்தன வாரிட்டுப் போன வண்டி அது. அதுல பச்சப்பிள்ள கையக் கொண்டு வைக்கவா? வேண்டாம். ஒருத்தன் போனது பத்தாதா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. எந்த வீட்டிலும் பெரியவர்கள் அதைத்தான் சொல்வார்கள். என் கோபம் அந்த இடத்தில் இறங்கிவிட்டது.

அண்ணாச்சி முக்காலியை இழுத்து அவருக்குப் போட்டார். பிறகு, எங்களிடம் எப்போதும் கேட்பதை அவரிடம் கேட்டார். "அய்யா, இவன் எங்க இருந்து வருதான்?"

"யாரு?"

"இந்த வண்டி. எங்களுக்கு அது தெரியாம வேல ஓடாது. படத்தப் பாத்துச் சொல்லுங்க."

பெரியவர் படத்தை வாங்கினார். வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் திரும்பிப் பிடித்துக்கொண்டார். வெகு நேரம் பார்த்தார்.

"எங்க இருந்து வருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கிளம்பப் போறாக. இன்னும் சண்டைக்குப் போகலைய" என்றார். கொஞ்சம் பொறுத்து, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "இதுல எம்மவன் உசுரோடல்லா நிக்கான்" என்றார்.

பெரியவர் படத்தை என் கையில் கொடுத்தார். சரி என்று சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "நான் வெளிய நிக்கேன்" என்று போய், தாழ்வாரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

நான் பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தூசி அடித்தேன். சாரல் காலத்தில் பசை லேசில் காயாது. விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்துப் பதம் வந்ததும் தலையசைத்தேன். கோமதி குழந்தையைத் தகட்டுக்கு நேராகப் பிடித்தாள். குழந்தை கையை இறுக்கி மூடிக்கொண்டது. விரல்களைப் பிரித்தால் திரும்ப மூடியது. சுப்பையா கிலுகிலுப்பை மாதிரி சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்தார். அது அவரைப் பார்த்துச் சிரித்ததே தவிர கையைத் திறக்கவில்லை. கடைசியில் கோமதியே ஒரு விரலால் அதன் புறங்கையை மேலிருந்து கீழாகத் தடவினாள். கை மெல்ல விரிந்தது. உடனே தகட்டில் வைத்தாள்.

முதல் தடவை குழந்தை கையை இழுத்து, தூசி தேய்ந்துவிட்டது. மறுபடியும் அடித்து, மறுபடியும் காத்திருந்தோம். இரண்டாம் தடவை வைக்கும்போது கோமதி ஒன்று செய்தாள். குழந்தையின் சுண்டுவிரலைத் தன் விரல் நுனியால் கொஞ்சம் வெளியே தள்ளி, அப்படியே பிடித்துக்கொண்டு அமுக்கினாள். எடுத்தாள். தூசிக்குள் பச்சையாக ஒரு கை தெரிந்தது. ரேகை இருந்தது. சுண்டுவிரல் தள்ளி நின்றது.

அண்ணாச்சி பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து, மூன்றில் ஒரு பங்கு ஆளின் உயரத்திலிருந்து பார்த்தார். நகம் தகட்டின் பக்கம் போகவில்லை. நான் அவசரமாக வார்னிஷ் பம்ப்பை எடுத்தேன்.

தாழ்வாரத்திலிருந்து, திரும்பிப் பார்க்காமலே பெரியவர் கேட்டார். "பிள்ளைக்குக் கை கழுவியாச்சா?"

கழுவவில்லை. கோமதி தன் சேலைத் தலைப்பில் அந்தக் கையைத் துடைத்து, அந்த இடத்தை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். "ஆச்சு மாமா" என்றாள்.

பொருட்காட்சி நாள். குற்றாலத்தில் நல்ல கூட்டம், பாதிப் பேர் அருவியிலிருந்து ஈரத் தலையோடு வந்தவர்கள். டாங்கியைக் கொட்டகையின் நடுவில் மேடை கட்டி ஏற்றியிருந்தோம். சாரலில் தூசி இளகுமோ என்று எனக்குக் கவலை, இளகவில்லை. பெரியவர் காலையிலேயே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கை இருக்கும் பக்கத்துக்கு அவர் வரவே இல்லை. அவர் பார்த்தாரா, பார்க்காமலே இருக்கிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

பெரிய அதிகாரி வந்தார். மாலை போட்டார்கள். டாங்கியோடு படம் எடுக்க வேண்டும் என்று போட்டோக்காரர் அவரைப் பக்கத் தகட்டின் அருகில் நிறுத்தினார். அப்போது கமிட்டிக்காரர் ஒருவர் கண்ணில் அது பட்டுவிட்டது.

"எவனோ பிள்ளைய விட்டுக் கைய வச்சுட்டான் பாரு. ஏலே, அத ஒரு துடை துடைச்சிரு" என்றார்.

டவாலி போட்ட பியூன் ஈரத் துணியோடு குனிந்தார். சாரலுக்குத் தாங்கின மெல்லிய வார்னிஷ் அழுத்தித் தேய்த்தால் தாங்காது. எனக்கும் அவருக்கும் நடுவே கூட்டம். அண்ணாச்சி அந்தப் பக்கம் இருந்தார். கோமதி குழந்தையோடு பெண்கள் வரிசையில் இருந்தாள்.

பியூனின் மணிக்கட்டைப் பிடித்தது பெரியவர்தான். எப்போது நாற்காலியை விட்டு எழுந்தார் என்று எனக்குத் தெரியாது. வெள்ளை வேட்டி சேற்றில் புரள நின்றார். பிடித்த கையை விடவில்லை.

"துடைக்காதேயும். அது எம்மவன் கை" என்றார்.

கமிட்டிக்காரர் தகட்டில் இருந்த அந்தச் சின்னக் கையைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், பியூனை விலகச் சொல்லிக் கை காட்டினார். அதிகாரி ஓரடி தள்ளி நின்றார், கை மறையாதபடிக்கு. போட்டோக்காரர் படம் எடுத்தார்.

கோமதி குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அதன் கையைத் தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.